கடைசி ஒன்பது நிமிஷம்

பதினைந்து வருஷத்தில் ருக்கியா பார்த்த படங்கள் நூற்றுக்கு மேலே இருக்கும். அவற்றில் ஒன்றுக்குக்கூட முடிவை அவள் கண்ணால் கண்டதில்லை. கொட்டாஞ்சேனையில் அவளைத் தெரிந்த பெண்களிடம் இதைச் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். பயஸ்கோப் என்றால் ருக்கியா என்று இருந்த தெரு அது. எந்தப் படத்தில் யார் செத்தார்கள், யார் பிழைத்தார்கள், எவளை எவன் கட்டினான் என்று அவள் வாயால் கேட்டால்தான் அந்தப் பெண்களுக்குப் படம் பார்த்த மாதிரி இருக்கும்.

ஆனால் உண்மை அதுதான். அதற்குக் காரணம் அவள் புருஷன் பலீல்.

பலீல் புறக்கோட்டையில் கடிகாரம் திருத்துகிற சின்னக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். அவருடைய பெரியவாப்பா பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்தார். தன் குடும்பத்துப் பெண் ஒருத்தி கொட்டகையில் பல பேர் பார்க்க உட்கார்ந்திருந்தாள் என்று அவர் காதில் விழுந்தால் வீடே இரண்டுபட்டுவிடும். பலீலோ படப் பைத்தியம். அதற்கும் மேலே இன்னொரு பைத்தியம் அவருக்கு உண்டு. தான் ரசித்ததை ருக்கியாவும் ரசிக்க வேண்டும். பயத்துக்கும் பைத்தியத்துக்கும் நடுவே அவர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்.

சனிக்கிழமை மூன்றேகால் மெட்டினி. முன்னால் படுதா தொங்கவிட்ட ரிக்‌ஷாவில் மருதானைப் பக்கத்துக் கொட்டகைக்குப் போவார்கள். விளக்கு அணைந்த பிறகுதான் பக்கக் கதவால் உள்ளே நுழைந்து மாடி மூலையில் பொக்ஸ் என்கிற தனித் தடுப்பில் உட்காருவார்கள். இருட்டானதும் பொக்ஸின் திரையை பலீல் ஒதுக்கிவிடுவார். படம் முடிவதற்கு ஒன்பது நிமிஷம் இருக்கும்போது, கோட்டுப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துத் திரை வெளிச்சத்தில் ஒருதரம் பார்த்துவிட்டு, "போவோம்" என்பார்.

ஏன் ஒன்பது? மாடிப்படி இறங்க இரண்டு நிமிஷம், ரிக்‌ஷாவில் ஏற ஒன்று, சந்தி தாண்ட மூன்று. மீதி மூன்று பலீலின் பயத்துக்கு. படம் முடிந்ததும் கொட்டகை விளக்கெல்லாம் ஒரேயடியாக எரியும். இங்கிலாந்து ராஜாவுக்கான பாட்டை வாசிப்பார்கள். அது முடியும்வரை சனம் முழுக்க எழும்பி நிற்க வேண்டும். அந்த வெளிச்சத்தில் ருக்கியா எழும்பி நின்றால் கொழும்பு முழுக்கப் பார்த்துவிடும் என்பது பலீலின் எண்ணம். கொழும்புக்கு வேறு வேலையில்லை என்று நினைத்தார் போலும்.

முதன்முதலாகப் போனது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டில். அப்போது படங்கள் பேசுவதில்லை. கீழே ஒரு பறங்கிக் கிழவர் பியானோ வாசிப்பார். எங்கோ ஒரு குளிர் தேசத்தில் ஒரு கிழவன், அவனோடு ஒரு வண்டிக்குதிரை. கிழவனுக்குக் கஷ்டம் வந்து குதிரையை ஏலம் விடுகிறார்கள். பனி கொட்டுகிறது. ருக்கியா பனியை அதற்கு முன் கண்டதில்லை. துருவுபலகையிலிருந்து விழும் தேங்காய்ப்பூவைப் போல அது இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. குதிரை தலையைத் திருப்பிக் கிழவனைப் பார்த்தது. ஏலக்காரன் கையிலிருந்த சுத்தியல் மேலே போனது.

"போவோம்," என்றார் பலீல்.

ரிக்‌ஷாவுக்குள் படுதா இருட்டில் ருக்கியாவுக்கு மூச்சு முட்டியது. "குதிரைக்கு என்ன நடந்திச்சி?" என்று கேட்டாள்.

பலீல் படுதாவை இழுத்துச் சரிசெய்தார். பிறகு, "ஒங்களுக்கு என்ன தோணுது? செல்லுங்க பாப்போம்," என்றார்.

ருக்கியா யோசித்தாள். மருதானையிலிருந்து கொட்டாஞ்சேனை வரும்வரை யோசித்துக்கொண்டே சொன்னாள். புதிய எசமான் குதிரையை இழுத்துப் போகிறான். அது ஒரு நாள் வண்டி இழுக்கிறது, இரண்டாம் நாள் இழுக்க மாட்டேன் என்று நிற்கிறது. மூன்றாம் நாள் விடியற்காலையில் கிழவன் வீட்டுக் கதவில் யாரோ இடிக்கிற சத்தம். திறந்தால் குதிரை. மூக்கெல்லாம் பனி. சொல்லும்போது அவளுக்கே அழுகை வந்துவிட்டது. பலீல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வீட்டு வாசலில் ரிக்‌ஷா நின்ற பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அப்படித் தொடங்கியது அந்த வழக்கம்.

பலீல் கண்ட படத்துக்கெல்லாம் கூட்டிப் போகிறவரல்ல. சீமைப் பத்திரிகைகள் புகழ்ந்தவை, பாரிசிலும் பெர்லினிலும் சனம் வரிசையில் நின்று பார்த்தவை என்று கடைக்கு வரும் பேப்பரில் தேடிப் பிடிப்பார். உலகம் கொண்டாடிய அந்தப் படங்களை ருக்கியா தன் போக்கில் பார்த்தாள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து அவளுக்குத் தெரியாது. முகங்கள் போதுமாக இருந்தன. கதாநாயகி அழும்போது எல்லாரும் அவளைப் பார்ப்பார்கள். ருக்கியா அவளுக்குப் பின்னால் அடுப்பில் பொங்கி வழிகிற பாலைப் பார்ப்பாள். அதை யாராவது இறக்கி வைக்க மாட்டார்களா என்று கை துடிக்கும். ராணிகள் அணிந்த நகைகள் அவள் மனதில் நிற்கவில்லை. ஒரு படத்தில் ஜன்னல் திரை காற்றில் உள்ளே வந்து, ஒரு கதிரையைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனது. அந்தக் கதிரையில் முந்தின காட்சி வரை ஒருத்தர் இருந்தார். அதை மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

படம் பேசத் தொடங்கிய வருஷம் ருக்கியாவுக்குச் சரியான கோபம். அவர்கள் என்ன கதைக்கிறார்கள் என்று அதுவரை அவள்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவர்களே வாய் திறந்தால் எப்படி? இரண்டு மாதம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, மூன்றாம் மாதம் சமாதானமானாள். புரியாத பேச்சும் ஒரு பியானோதான் என்று கண்டுகொண்டாள்.

படம் பார்த்த மறுநாள் வீட்டில் ஒரு காரியமும் ஒழுங்காக நடக்காது. தேங்காய் துருவத் தொடங்கினால் பனி கொட்டும். சோறு அடிப்பிடிக்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் அது எந்தப் படத்துக் கப்பல் என்று நினைவு ஓடும். பின்வளவில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சாரன்களுக்கு நடுவே நின்றபடி, அது எந்தத் தேசம், தான் யார் என்று தெரியாமல் சில நிமிஷம் நிற்பாள். அந்த நிமிஷங்கள் அவளுக்கு இனித்தன.

பின்வளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் கொன்ஸ்ரன்ஸ் இருந்தாள். கத்தோலிக்க வேதக்காரி, விதவை, தையல்காரி. ஞாயிறு பூசை முடிந்து வந்து, தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமலே சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்வாள்.

"ம்ம், சொல்லுங்கோ ருக்கியா. கடைசியிலை என்ன நடந்தது?"

ருக்கியா படத்தை முதலிலிருந்து சொல்லி, தன் முடிவையும் சேர்த்துச் சொல்லி முடிப்பாள். இது என் கற்பனை என்று அவள் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்தும் செய்யவில்லை. ரிக்‌ஷாவிலிருந்து இறங்கும்போது அந்த முடிவு அவளுக்கே உண்மையாகியிருக்கும். கொன்ஸ்ரன்ஸ் அதைத் துணி கொடுக்கப் போகும் வீடுகளில் சொல்வாள். வெள்ளவத்தைவரை அவளுக்கு வாடிக்கை இருந்தது. இப்படியாக, உலகம் புகழ்ந்த எத்தனையோ படங்களுக்குக் கொழும்புப் பெண்கள் நடுவில் கொட்டாஞ்சேனையில் செய்த முடிவுகள் உலவின.

முப்பத்தொன்பதாம் ஆண்டு அது பிடிபட்டது.

பாட்டுக்காரி ஒருத்தியின் படம். குரல் போய்விடுகிறது. பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கிறாள். படகுக்காரர்கள் விளக்குகளோடு தேடுகிறார்கள். அந்த இடத்தில் பலீல் "போவோம்" என்றிருந்தார். ருக்கியாவின் கணக்கில் அவள் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறாள். தண்ணீர் கேட்கிறாள். கேட்கும் குரல் பழைய குரல். நான்கு வருஷம் கழித்து அதே படம் திரும்பவும் வர, கொன்ஸ்ரன்ஸ் வெள்ளிக்கிழமை மாலைக் காட்சிக்குத் தானே போய்விட்டாள். படகுக்காரன் ஆற்றிலிருந்து ஒற்றைக் கால் சப்பாத்தை மட்டும் எடுக்கிறான், படம் முடிகிறது. கொன்ஸ்ரன்ஸ் நேரே வாசலுக்குப் போய், டிக்கெட் கிழிக்கிற நோபேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சுவரண்டை வந்து அவளே சொன்னாள். "நான் விடேல்லை. ஆஸ்பத்திரித் துண்டை ஏன் வெட்டினனீங்கள் எண்டு கேட்டன். அவன் எங்கட கோயில் பெடியன்தானே. 'அக்கா, இதிலை ஆஸ்பத்திரியே இல்லை'யாம். பிறகு சொல்லுறான், 'நம்பாட்டிப் பலீல் ஐயாவைக் கேளுங்கோ, அவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் ஆளா வந்து கடைசி வரைக்கும் இருந்து பாக்கிறவர்' எண்டு. திரும்பிப் பாத்தா, உங்கட அவர் பின் வாங்கிலிலை இருந்து எழும்புறார். என்னைக் காணேல்லை."

ருக்கியாவின் கையிலிருந்த சுளகு அப்படியே நின்றது.

"ருக்கியா, அப்ப அந்த ஆஸ்பத்திரி...?"

"நான் ஒரு முடிவும் பாத்ததில்ல, கொன்ஸ்ரன்ஸ்," என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். கொன்ஸ்ரன்ஸ் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ்வளவு சனத்தைப் பேய்க்காட்டிப் போட்டியள். எண்டாலும் உங்கட முடிவுதான் திறம். ஒரு சப்பாத்தோடை மனுசரை வீட்டுக்கு அனுப்புறதோ?" என்றாள்.

ருக்கியாவால் சிரிக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குக் கடை சாத்துவதால் மாலையில் வேலை கூட என்று பலீல் பதினொரு வருஷம் சொல்லியிருக்கிறார். புதுப்படம் வருவதும் வெள்ளிக்கிழமைதான். எந்த நிமிஷத்தில் எழும்ப வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்று தான் ஒருநாளும் கேட்காதது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு எல்லா முடிவும் தெரியும். குதிரைக்கு என்ன நடந்தது என்று தெரியும். தெரிந்துகொண்டே கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

அன்று பகல் முழுக்க அவளுக்கு ஆத்திரம். மூன்றேகால் மெட்டினியில் ஆத்திரம் பாதியானது. ரிக்‌ஷாவில், வழமைபோல, "ஒங்களுக்கு என்ன தோணுது?" என்று பலீல் கேட்டபோது, அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். படுதா ஓரத்தால் வந்த வெயிலில் அந்த முகம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. பார்த்த முடிவு போதாமல் இவளிடம் வந்து நிற்கிற முகம். ருக்கியாவுக்கு மனம் இளகிவிட்டது. அவள் சொன்னாள். அவர் கேட்டார். வெள்ளிக்கிழமையைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு சந்தோஷமாக இருந்தார்கள்.

நிலாமைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். நிலாம் ருக்கியாவின் தம்பி. அவர்களுடைய உம்மா மவுத்தானபோது அவன் கைக்குழந்தை. பயஸ்கோப் தொடங்க ஐந்தாறு வருஷம் முந்தி ருக்கியா கலியாணம் முடித்து வந்தபோது இடுப்பில் அவனையும் தூக்கிக்கொண்டுதான் வந்தாள். பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறக்காத குறையே தெரியாதபடி அவன் வளர்ந்தான். அக்காவைத் தாத்தா என்பது அவர்கள் வழக்கம். அவன் "தாத்தா" என்று வாசலில் நின்று கத்தினால் தெருவுக்கே கேட்கும். உலகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்ததற்கு அவள் சொன்ன படங்கள்தான் காரணம் என்று ருக்கியா நம்பினாள். அது அவளுக்குப் பெருமையாக இருந்தது, பிறகு முள்ளாகக் குத்தியது. நாற்பதாம் ஆண்டு, சண்டை நடக்கும்போதே, சரக்குக் கப்பலொன்றில் சமையற்கட்டு வேலைக்கு ஏறிப் போனான். கடிதங்களைப் பலீலின் கடை விலாசத்துக்குப் போட்டான். பலீல் இரவுச் சோற்றுக்கு முன் வாசித்துக் காட்டுவார். டேர்பனில் கடல் நீலமாம். ஒரு துறைமுகத்தில் உண்மையாகவே பனி கொட்டியதாம். "தாத்தா, நீங்க செல்லின மாதிரியேதான் ஈக்கி," என்று எழுதியிருந்தான்.

நாற்பத்திரண்டு சித்திரையில் ஜப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டான். கொட்டாஞ்சேனையில் பாதி வீடுகள் பூட்டுப் போட்டன. கொன்ஸ்ரன்ஸ்கூட மூன்று மாதம் நீர்கொழும்பில் போய் இருந்தாள். ருக்கியா அசையவில்லை. வந்து கதவைத் தட்டுகிறவனுக்குத் திறக்க ஆள் வேண்டாமா என்றாள். அந்த வருஷக் கடைசியோடு கடிதங்கள் நின்றுபோயின.

அன்றிலிருந்து அவள் நிலாமுக்கும் கதை கட்டத் தொடங்கினாள். கொன்ஸ்ரன்ஸ் கேட்டால், கப்பல் அவுஸ்திரேலியாவில் பழுதாகி நிற்கிறது என்பாள். இன்னொரு கிழமை, அவனுக்குக் காய்ச்சல், பம்பாயில் ஒரு குஜராத்தி வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள் என்பாள். சண்டைக்காலத்தில் கடிதங்கள் ஆறு மாதம் பிந்தும், ஒரு வருஷமும் பிந்தும் என்பாள். பக்கத்தில் பலீல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். நாற்பத்துமூன்று சித்திரைக்குப் பிறகு அவர் ஒரு பழக்கம் பழகினார். அவள் நிலாமைப் பற்றிச் சொல்லி முடித்ததும் எழும்பிப் போய்க் கிணற்றடியில் முகம் கழுவுவார். பேப்பரில் சண்டைச் செய்தி வாசித்துக் காட்டுவதையும் விட்டுவிட்டார். ருக்கியா கவனித்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

அந்த ஆவணியில் ஒரு படம் வந்தது. அதைப் பற்றிப் பேப்பரில் முழுப் பக்கம் எழுதியிருந்தார்களாம். இந்தமுறை பலீலுக்குக் கூட்டிப் போக அவ்வளவு மனமில்லை என்று தெரிந்தது. "வேற ஒண்டு வரட்டுமே," என்றார். ருக்கியா விடவில்லை.

ஒரு சின்ன ரயில் நிலையம். எந்நேரமும் பனி. மேடையில் தேநீர் விற்கிற ஒரு பெண். அவளுடைய புருஷன் முந்தின உலகச் சண்டைக்குப் போயிருக்கிறான். தட்டில் எப்போதும் எட்டுக் கோப்பை வைத்திருப்பாள். ரயில் வந்ததும் ஏழு கோப்பையை விற்பாள், எட்டாவதை விற்க மாட்டாள். எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்க மாட்டாள். கடைசி ஆளும் இறங்கிப் போன பிறகு, ஆறிப்போன அந்தத் தேநீரை மேடையோரம் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போவாள். மறுநாளும் எட்டுக் கோப்பை. மாதங்கள் போகின்றன. தட்டைப் பிடித்த கைவிரல்கள் குளிரில் வெடித்திருப்பதை ருக்கியா பார்த்தாள். கோப்பையிலிருந்து ஆவி எழும்பி, அவள் முகத்தை மறைத்து, விலகியது. ஆவி விலகும்போதெல்லாம் அந்த முகம் கொஞ்சம் வயதாகியிருந்தது. கொட்டகை இருந்த இடம், மருதானை, வெளியே கத்திய டிராம் வண்டி எல்லாம் மறந்து, ருக்கியா அந்த மேடையில் நின்றாள். எட்டாவது கோப்பை அவள் கையில்தான் இருந்தது.

சண்டை முடிகிறது. இனி ஒரேயொரு ரயில்தான் வரும் என்று நிலைய அதிகாரி பலகையில் எழுதுகிறார். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். தூரத்தில் புகை.

பலீல் கடிகாரத்தை எடுத்தார். "போவோம்," என்றார்.

ருக்கியா திடுக்கிட்டாள். ரயில் இன்னும் வரவேயில்லை. அவர் கையைப் பிடித்துக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஐந்துமணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அவர்கள் எழும்புகிற நேரம் ஒருநாளும் இவ்வளவு முந்தியதில்லை.

"இன்னம் நேரம் ஈக்கே?"

"இண்டைக்கு முந்திப் போவோம் ருக்கியா. மழை வாற மாதிரி ஈக்கி."

பக்கக் கதவு இடுக்கால் வெயில் ஒரு கோடாகத் தரையில் விழுந்து கிடந்தது. ருக்கியா அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்காமல் குனிந்திருந்தார். நேற்று வெள்ளிக்கிழமை. நேற்றே அவர் இதைப் பார்த்துவிட்டார். அந்த ரயிலில் யார் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். அதை இவள் பார்க்கக்கூடாது என்றுதான் மழையைக் கூப்பிடுகிறார்.

"நான் வரல்ல. ஒக்காருங்க."

"வெளிச்சத்தப் போட்டுருவான்."

"போடட்டும்."

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. பலீல் உட்கார்ந்தார்.

ரயில் வந்தது. கதவுகள் திறந்தன. மேடை முழுக்க ஆட்கள், கட்டிப்பிடிப்பு, அழுகை. அவள் ஏழு கோப்பையை விற்றாள். ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு கடைசிப் பெட்டி வரை நடந்தாள். சனம் குறைந்தது. மேடை காலியானது. ரயிலும் வெறுமையாகப் போனது. அவள் தட்டைக் கீழே வைத்தாள். எட்டாவது கோப்பையைக் கையில் எடுத்தாள். ஊற்றப் போகிறாள் என்று ருக்கியா நினைத்தாள். அவள் ஊற்றவில்லை. நின்றபடியே அந்தத் தேநீரைத் தானே குடித்தாள். அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு குனிந்து, பனியால் கோப்பையைத் தேய்த்துக் கழுவி, மற்ற ஏழோடும் அடுக்கினாள். அவ்வளவுதான். படம் முடிந்துவிட்டது.

விளக்குகள் எரிந்தன. ராஜாவின் பாட்டு தொடங்கியது. கீழே கதிரைகள் படபடவென்று மடங்க, சனம் முழுக்க எழும்பியது. ருக்கியாவும் எழும்பி நின்றாள். பொக்ஸின் திரை ஒதுங்கியே கிடந்தது. முக்காட்டைக்கூட அவள் இழுத்து விடவில்லை. அந்தக் கொட்டகைக்கு மஞ்சள் சுவர் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இருநூறு முன்னூறு பேர் நின்றார்கள். ஒரு பட்டாளத்துக்காரன் தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு நின்றான். துரைசானி ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். ஒவ்வொருவரும் தன் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். மூலைப் பொக்ஸை ஒருவரும் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்து சனம் வெளியேறியது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கொன்ஸ்ரன்ஸ் ஒங்கள வெள்ளிக்கிழமை இங்க கண்டவ. நாலு வருஷமா எனக்குத் தெரியும்," என்றாள். "எல்லா முடிவயும் நீங்க முந்திப் பாத்துட்டு வாறது. ஒண்டயும் எனக்குச் செல்றதில்ல."

பலீல் கடிகாரத்தைப் பைக்குள் போட்டார்.

"நிலாம்ட முடிவும் ஒங்களுக்குத் தெரியும். அப்படித்தானே?"

அவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். வெளிச்சம் அதிகமாக இருந்தது. கடிகாரம் வைக்கிற அதே பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுத்தார். மடிப்புகள் பிய்ந்துபோயிருந்தன. எத்தனை தரம் விரித்திருப்பார் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது.

"வாசிங்க," என்றாள் ருக்கியா. "கடைசி வரைக்கும் வாசிங்க."

ஆங்கிலத்தில் இருந்ததை அவர் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார். கப்பல் கம்பனிக்காரர் எழுதியது. மார்கழி மாதம் நடுக்கடலில் கப்பல் அடிபட்டு மூழ்கியது. சமையற்கட்டு கீழ்த்தட்டில் இருந்தது. கீழ்த்தட்டில் இருந்தவர்களில் ஒருவரும் படகில் ஏறவில்லை. கம்பனி மிகவும் வருந்துகிறது. கீழே ஒரு கையெழுத்து. கடிதத்தின் தேதி சித்திரை மாதத்தது.

ருக்கியா கதிரையின் சாய்வைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாலில்லாஹி," என்று மவுத்துக்கு ஓதுவதைத் தொடங்கி, மீதியை உதட்டுக்குள் முடித்தாள். கீழே ஒருவன் கடலைத் தோலைக் கூட்டிக்கொண்டிருந்தான். துடைப்பம் போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"ஒங்கட முடிவு நல்லா ஈந்திச்சி ருக்கியா," என்றார் பலீல். "ஒவ்வொரு கிழமையும் நீங்க அவன ஒரு ஊர்ல உசிரோட எறக்கி வச்சீங்க. கேக்கக் கேக்க நானும் அங்கயே ஈந்துட்டேன். எனக்கு அவனக் கொல்ல மனசு வரல்ல."

"நாலு மாசம்," என்றாள் அவள். "நாலு மாசமா அந்தப் புள்ளைக்கு ஒருத்தரும் ஒரு யாசீன் ஓதல்லியே. நான் அவனுக்குக் காய்ச்சல் எண்டு கதை கட்டிக்கிட்டு ஈந்தேனே."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷப் படங்களுக்கு அழுத அழுகை இல்லை. பலீல் திரையை மூடப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அழுது முடித்த பிறகு, வெளிச்சத்திலேயே, முன்வாசல் வழியாக இறங்கிப் போனார்கள். நோபேட் ஒதுங்கி நின்று வழிவிட்டான். ரிக்‌ஷாக்காரன் பழக்கத்தில் படுதாவை இறக்க, ருக்கியா அதைச் சுருட்டி மேலே சொருகினாள். மருதானையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை தெருவை அவள் அன்று முழுதாகப் பார்த்தாள். பலீல் வழியில் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

ரிக்‌ஷா திறந்து வருவதைக் கண்டுவிட்டு கொன்ஸ்ரன்ஸ் தைத்த துணியும் கையுமாக வாசலுக்கே வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க அவளால் முடியவில்லை.

"என்ன ருக்கியா, இண்டைக்குப் பிந்தி வாறியள்? படம் எப்பிடி? கடைசியிலை என்ன நடந்தது?"

பலீல் நடைபாதையிலேயே நின்றுவிட்டார். ருக்கியா ரிக்‌ஷாவிலிருந்து இறங்கி, தேநீர் விற்றவளின் கதையைச் சுருக்கமாகச் சொன்னாள். எட்டாவது கோப்பையை அவளே குடித்ததையும், பனியால் கழுவி வைத்ததையும் சொன்னாள்.

கொன்ஸ்ரன்ஸுக்கு அது பிடிக்கவில்லை. "இது ஆருடைய முடிவு? உங்கடையோ, படத்திலை வந்ததோ?"

"படத்துல வந்தது. நான் கடைசி வரைக்கும் ஒக்காந்து பாத்தேன்," என்றாள் ருக்கியா. வாசல் கதவின் கொளுக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"நிலாம் வரமாட்டான், கொன்ஸ்ரன்ஸ்."